தெரியுமா? கரிப்புகையை விரட்டக் கிளம்பிவிட்டது தூத்துக்குடித் துறைமுகம்!

உலகத்துக் கப்பல்கள் எல்லாம் சேர்ந்து ஒரு தனி நாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். புகை கக்குவதில் அந்த நாடு முதல் பத்து இடங்களுக்குள் வந்துவிடும், தெரியுமா? 2018-இல் மட்டும் 107 கோடி டன்! மனிதர்கள் வெளியிடும் பசுங்குடில் வாயுவில் கிட்டத்தட்ட 3 சதவீதம்! இது சர்வதேச கடல்சார் அமைப்பு போட்ட கணக்கு.

கரையில் கட்டிப்போட்ட கப்பலும் புகைவிடும், தெரியுமா? பெரிய என்ஜின் ஓய்ந்துவிடும். ஆனால் விளக்கு எரிய வேண்டும், பம்பு ஓட வேண்டும், சமையல் நடக்க வேண்டும், மீனும் இறாலும் ஏற்றிய குளிர் கன்டெய்னர்கள் குளிர்ந்தே இருக்க வேண்டும்! அதற்காகத் துணை என்ஜின்கள் இரவும் பகலும் உறுமிக்கொண்டே இருக்கும். கரையிலிருந்து ஒரு கேபிளை நீட்டி கரெண்ட் கொடுத்தால்? என்ஜினை நிறுத்திவிடலாம்! ஸ்வீடன் நாட்டு கோத்தன்பர்க் துறைமுகம் உயரழுத்த மின்சாரத்தை இப்படிக் கப்பலுக்குக் கொடுத்துக் காட்டியது 2000-ஆம் ஆண்டிலேயே!

சரி, நம் ஊருக்கு வருவோம்!

2025 செப்டம்பர் 5. தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தில் பசுமை ஹைட்ரஜன் தயாரிக்கும் முன்னோட்ட ஆலை திறக்கப்பட்டது. செலவு 3 கோடியே 87 லட்சம் ரூபாய். அந்தத் தேதியில் என்ன விசேஷம் தெரியுமா? 1872-இல் வ.உ.சி. பிறந்த நாள் அது! 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, ‘காலியா’, ‘லாவோ’ என்ற இரண்டு கப்பல்களை வெள்ளைக்காரனுக்கு எதிராக ஓட்டியவர். அந்த நீராவிக் கப்பல்களுக்குத் தீனி நிலக்கரி! இன்று அவர் பெயர் தாங்கிய துறைமுகம் நிலக்கரியும் டீசலும் இல்லாத எரிபொருளைத் தேடுகிறது!

அந்த ஆலை மணிக்கு எவ்வளவு ஹைட்ரஜன் தரும்? பத்து கன மீட்டர். ஒரு சின்ன அறை நிறைய! ஆனால் அதை எடைபோட்டால்? வெறும் 900 கிராம்தான்! ஒரு கிலோகூட வராது! துறைமுகக் குடியிருப்பின் தெருவிளக்குகளுக்கும் மின்வண்டி சார்ஜ் நிலையத்துக்கும் இந்த ஹைட்ரஜனிலிருந்து எடுக்கும் கரெண்ட் போகிறது. ‘இவ்வளவுதானா?’ என்று கேட்டுவிடாதீர்கள். ஆராய்ச்சி என்றால் சின்னதாகத்தான் தொடங்கும். எது உடைகிறது, எது தாங்குகிறது, உப்புக்காற்றில் இயந்திரம் எப்படி உழைக்கிறது என்பதெல்லாம் இந்த 900 கிராமில்தான் தெரியவரும்!

ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க எத்தனை லிட்டர் தண்ணீர் பிரிய வேண்டும்? ஒன்பது! கரெண்ட்? ஐம்பது யூனிட்டுக்கும் மேல்! அந்த கரெண்ட் நிலக்கரியில் வந்தால் அத்தனையும் வீண். வெயிலிலோ காற்றிலோ வந்தால்தான் அது ‘பசுமை’ ஹைட்ரஜன். தூத்துக்குடியில் வெயிலுக்குப் பஞ்சமா? உப்பளமே சாட்சி! துறைமுகக் கட்டடங்களின் மொட்டை மாடிகளில் மட்டுமே ஒரு மெகாவாட்டுக்கும் அதிகமான சோலார் தகடுகள்!

ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குள் ஒரு கிலோ டீசலைப்போல் இரண்டே முக்கால் மடங்கு ஆற்றல், தெரியுமா? அப்புறம் ஏன் எல்லாக் கப்பலிலும் ஊற்றவில்லை? ஊற்ற முடியாதே! அதைத் திரவமாக்க மைனஸ் 253 டிகிரி வேண்டும்!

அதனால்தான் மெத்தனால் மீது இத்தனை கண்! பசுமை ஹைட்ரஜனையும் கரியமில வாயுவையும் சேர்த்தால் மெத்தனால். சாதாரண வெப்பத்திலேயே திரவமாக இருக்கும், குழாயில் ஓடும், தொட்டியில் நிற்கும். தூத்துக்குடியில் 35 கோடியே 34 லட்சம் ரூபாயில் மெத்தனால் நிரப்பும் நிலையத்துக்கு அதே செப்டம்பர் 5-இல் அடிக்கல் நாட்டினார்கள். கொள்ளளவு 750 கன மீட்டர். அதாவது 7 லட்சத்து 50 ஆயிரம் லிட்டர்! குஜராத்தின் காண்ட்லாவிலிருந்து தூத்துக்குடிவரை பசுமைக் கப்பல் பாதை போடவும் திட்டம் இருக்கிறது. நடக்குமா? 2023-இல் ‘லாரா மெர்ஸ்க்’ என்ற கன்டெய்னர் கப்பல் மெத்தனாலைக் குடித்தே தென்கொரியாவிலிருந்து டென்மார்க்வரை போய்ச் சேர்ந்துவிட்டதே!

இனி வருவதுதான் என்னை மிகவும் அசத்திய செய்தி. புகையைப் பிடித்து சோடா ஆக்கும் ஆலை தூத்துக்குடியிலேயே இருக்கிறது என்றால் நம்புவீர்களா? தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ் ஆலை, தன் நிலக்கரிக் கொதிகலன் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்தெடுத்து, சோடா சாம்பல் செய்யத் தொடங்கியது 2016-இல்! கண்ணாடி செய்யவும் சலவைத் தூள் செய்யவும் போகும் அதே சோடா! ஆண்டுக்கு 60,000 டன் வாயுவைப் பிடிக்கலாம் என்றார்கள். அதுவும் அரசு மானியம் இல்லாமல்! உலகப் பத்திரிகைகள் எல்லாம் வாய்பிளந்து எழுதின. நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

விவசாயிகளே, உங்களுக்கு ஒரு கேள்வி! துறைமுகத்து ஹைட்ரஜனுக்கும் உங்கள் நெல்லுக்கும் கரும்புக்கும் என்ன உறவு? யூரியா! ஹைட்ரஜனிலிருந்து அம்மோனியா, அம்மோனியாவிலிருந்து யூரியா. இன்று அந்த ஹைட்ரஜன் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. அதே அம்மோனியாவை நாளைய கப்பல் எரிபொருளாகவும் சோதிக்கிறார்கள், தெரியுமா? வயலுக்கும் கப்பலுக்கும் ஒரே தீனி!

கப்பல் கொஞ்சம் மெதுவாகப் போனால் என்ன ஆகும்? வேகத்தை 10 சதவீதம் குறைத்தால் என்ஜினுக்குத் தேவையான சக்தி 27 சதவீதம் குறையும்! பயண நேரம் கூடுவதையும் கழித்துப் பார்த்தால்கூட, அதே தூரத்துக்கு எரிபொருள் சுமார் 19 சதவீதம் மிச்சம்! விழுந்தடித்து ஓடிவந்து, இடம் காலியில்லை என்று நங்கூரம் போட்டுக் காத்துக் கிடப்பதில் என்ன லாபம்? சென்னை ஐஐடியின் தையூர் வளாகத்தில் 2023-இல் திறந்த தேசியத் தொழில்நுட்ப மையம், கப்பல் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அமைப்பை உள்நாட்டிலேயே உருவாக்கியிருக்கிறது. எந்தக் கப்பல் எங்கே, எப்போது வரும் என்று தெரிந்தால் போதும், ஒரு சொட்டுப் புது எரிபொருள் இல்லாமலே புகை குறையும்!

கன்டெய்னரைக் கீழே இறக்கும்போது கரெண்ட் பிறக்கும், தெரியுமா? மின்சார கிரேனில் இறங்கும் பாரமே மோட்டாரைச் சுழற்றும், மின்சாரம் திரும்பி வரும்! டீசல் கிரேனில் அது வெறும் சூடாகப் போய்விடும்.

45 பெட்டி கொண்ட ஒரு சரக்கு ரயில் எத்தனை இருபதடி கன்டெய்னர் ஏற்றும்? 90! அத்தனையையும் லாரியில் ஏற்றினால் துறைமுக வாசலில் புகைவிட்டபடி நிற்கும் வரிசையை நினைத்துப் பாருங்கள்!

பெரிய கப்பலைத் தள்ளியும் இழுத்தும் கரை சேர்க்கும் இழுவைப் படகுகளும் டீசல் குடியர்கள்தான். 2024 ஆகஸ்டில் மத்திய அரசு ஒரு திட்டம் அறிவித்தது. நான்கு துறைமுகங்கள் தலா இரண்டு பசுமை இழுவைப் படகுகளாவது வாங்க வேண்டும் அல்லது வாடகைக்கு எடுக்க வேண்டும். அந்த நான்கில் ஒன்று தூத்துக்குடி!

இலக்கு என்ன தெரியுமா? ‘ஹரித் சாகர்’ என்ற 2023-ஆம் ஆண்டு வழிகாட்டுதல்படி, கையாளும் ஒவ்வொரு டன் சரக்குக்குமான கரி வெளியீடு 2030-க்குள் 30 சதவீதம் குறைய வேண்டும். 2047-க்குள் 70 சதவீதம்! எளிதல்ல. துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே 1,050 மெகாவாட் அனல்மின் நிலையம் நிற்கிறது. அதற்கான நிலக்கரி இறங்குவதும் இதே துறைமுகத்தில்தான்!

காற்றைக் கேட்காமல் விடலாமா? இந்தியாவின் முதல் காற்றாலைப் பண்ணைகளில் ஒன்று 1986-இல் எழுந்தது தூத்துக்குடிப் பகுதியில்தான்! அன்றைய ஒரு காற்றாலையின் திறன் 55 கிலோவாட். இன்று கடலுக்குள் நடும் ராட்சதக் காற்றாலை ஒன்று 15,000 கிலோவாட். பழையதைப்போல் 270 மடங்குக்கும் மேல்! அதன் ஓர் இறக்கையின் நீளம் 115 மீட்டர்! எந்த லாரி அதைத் திருப்பத்தில் திருப்பும்? கடற்கரையில்தான் சேர்த்துவைக்க வேண்டும், கப்பலில்தான் ஏற்ற வேண்டும். அதனால்தான் 2024 ஜூனில் தமிழகக் கடலில் 500, குஜராத் கடலில் 500 மெகாவாட் காற்றாலைகளுக்கு ஒப்புதல் தந்த மத்திய அமைச்சரவை, இரண்டு துறைமுகங்களை அதற்குத் தயார் செய்யவென்றே தனியாக 600 கோடி ரூபாய் ஒதுக்கியது!