மாட்டுக்குப் போடுகிறோம், நமக்கு?

"மஞ்சள் காமாலைக்குத்தான் கீழாநெல்லி இருக்கிறதே, தடுப்பூசி எதுக்கு சார்?" மருங்காபுரி வட்டாரத்தில் மானாவாரி நிலங்களைப் பார்க்கப் போகும்போது அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. கீழாநெல்லி நம் வரப்பில் முளைக்கும் செடி. அதனால் இங்கேயே பதில் சொல்லிவிடலாம்.

காமாலை ஒரே நோய் அல்ல. அசுத்தமான தண்ணீர், உணவு மூலம் 'ஏ', 'இ' வகைக் கிருமிகள் பரவுகின்றன. இவை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே அடங்கிவிடும். கர்ப்பிணிகளுக்கு மட்டும் 'இ' வகை மிக ஆபத்து. 'பி' வகை வேறு மாதிரி. ரத்தம், உடலுறவு, ஒருவர் பயன்படுத்திய சவரக்கத்தியை அடுத்தவர் பயன்படுத்துவது, பிரசவத்தின்போது தாயிடமிருந்து பிள்ளைக்கு என்று பரவும். கண் மஞ்சளாகாமலே பல வருடம் ஈரலில் தங்கி, ஈரல் சுருக்கம், புற்றுநோய் வரை கொண்டுபோகும்.

கீழாநெல்லியை யாரும் சோதிக்காமல் ஒதுக்கவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், 'பி' கிருமியைக் கண்டுபிடித்து 1976-ல் நோபல் பரிசு பெற்ற புளும்பெர்க்குடன் சேர்ந்து ஆய்வு செய்தனர். 1988-ல் வெளியான முடிவில், மருந்து சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்திருந்தது. ஆனால் பிறகு மற்ற நாடுகளில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஆகவே, அதை நம்பி 'பி' வகையை விட்டுவைக்கக் கூடாது.

தடுப்பூசி எப்படி இருக்கும்? பெரியவர்களுக்கு மேற்கையில் போடுவார்கள். எறும்பு கடித்த மாதிரி ஒரு சுருக். ஓரிரு நாள் கை வலிக்கும், சிலருக்கு லேசான காய்ச்சல் வரும். முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாம் மாதம் மூன்றாவது. நடுவில் அறுவடை வந்து தவணை தள்ளிப்போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து போட்டுக்கொள்ளலாம். கோமாரி ஊசி போல ஆறு மாதத்துக்கு ஒரு தரம் போட வேண்டியதும் இல்லை. மூன்றும் முடிந்தால் பெரும்பாலானவர்களுக்குப் பல்லாண்டு காப்பு உண்டு.

ஏற்கெனவே கிருமி இருந்தால் தடுப்பூசி அதை விரட்டாது. அதனால் வீட்டில் ஒருவருக்கு 'பி' இருந்தால் மற்ற அனைவரும் முதலில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கிருமி இருப்பவர்களுக்கு, 2018-ல் தொடங்கிய தேசிய கல்லீரல் அழற்சி தடுப்புத் திட்டத்தில் அரசு மருத்துவமனைகளில் இலவச சிகிச்சை உண்டு.

எல்லாவற்றிலும் முக்கியமானது பச்சைப் பிள்ளை. பிறக்கும்போது தொற்றினால் பத்தில் ஒன்பது பிள்ளைகளுக்கு அது நாள்பட்ட நோயாகிவிடும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி; பிறகு 6, 10, 14-வது வாரங்களில் ஐந்து நோய்களுக்கான பெண்டாவேலன்ட் ஊசியிலேயே இதுவும் சேர்ந்து வரும். அரசு மருத்துவமனையில் காசு கிடையாது.

கன்று ஈன்றால் சீம்பால் கொடுக்க நேரம் பார்ப்பதில்லை நாம். மகளோ மருமகளோ பிரசவமானால், "காமாலை ஊசி போட்டாச்சா?" என்று அன்றைக்கே நர்சம்மாவிடம் கேளுங்கள்.