அச்சோ என்னும் இடைச்சொல்

உள்ளம் ஓர் உணர்ச்சியாற் றாக்குண்டவழி, எண்ணிப் பேசுதற்கு முன்னரே வாயினின்றும் எழும் ஒலிகள் சில உள. ஆ, அந்தோ, ஐயோ, அச்சோ என்பன அவை. பெயரும் வினையும் போலத் தனித்து ஒரு பொருளைச் சுட்டாது, உற்ற உணர்வைக் குறிப்பான் உணர்த்தலின் இவை இடைச்சொல்லின்பாற் படும். இவற்றுள் அச்சோ என்பது சைவ நன்மக்கள் உற்றுநோக்கற்பாலது. திருவாசகத்தின் 51 பகுதிகளுள் இறுதிக்கண் நிற்கும் பதிகம் இச்சொல்லாற் பெயர்பெற்றதாகலின் என்க.

உலகவழக்கில் இஃது இரக்கக் குறிப்பாகவே பெரிதும் பயில்கின்றது. அஸ்தினாபுரத் தெருவில் ஒரு குழவி இடறி விழினும், கண்டார் ‘அச்சச்சோ’ என்றே ஓடி எடுப்பர். பெரியாழ்வார் பாடலிலோ, குழவியைத் தழுவிக்கொள்ள அழைக்கும் குறிப்பாய் வந்தது.

மணிவாசகப் பெருமான் திருவாக்கில் இவ்விரண்டும் பொருந்தா, வியப்பே பொருந்தும். வியப்பினை மருட்கை என்று கூறிய தொல்காப்பியனார், புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கும் அதற்கு நிலைக்களன் என்றார். தில்லையில் அருளிய இப்பதிகத்தில் அந்நான்கும் ஒருங்கே உள. முன் அறியாத நெறி புதிது, அருளினோன் பெரியன், பெற்றோன் தன்னைச் சிறியனாகவே காண்கின்றான், பெற்றதோ பேராக்கம்.

அற்றேல், தாம் பெற்ற பேற்றினைப் பிறர் யாவர் பெறுவர் என்று பாட்டுத்தோறும் வினாவுதல் தற்புகழ்ச்சி ஆகாதோ எனின், ஆகாது. அங்ஙனம் ஆகாமற் காப்பது இவ்வொரு சொல்லேயாம். முதற்பாட்டின் வினைகளை நோக்குக. வீட்டுநெறி அறியாத மூர்க்கரோடு கூடி முயன்றமை ஒன்றே உயிரின் செயலாகக் கூறப்பட்டது. பத்திநெறியை அறிவித்ததும், பழவினை கெடச் செய்ததும், மலத்தை அறுத்ததும், சிவமாக்கி ஆண்டதும் இறைவன் செயல்கள். தன்செயல் ஒன்றும் இல்லாதவழித் தற்புகழ்ச்சிக்கு இடம் யாது?

பண்டையோர் இப்பதிகத்திற்கு ‘அனுபவவழி அறியாமை’ என்று கருத்துரைத்தமையும் இதற்குச் சான்றாம். செருக்குடையான் தன் பேறு வந்த வழியைத் தான் அறிந்ததாகவே கொண்டு, அதனைத் தன் முயற்சிமேல் ஏற்றுவன். வந்த வழி அறியாது நிற்பானுக்குச் சொற்றொடர் எழாது, ஒலியே எழும். யான் எனது என்னும் செருக்கு அற்றவிடத்து, எழுவாயும் பயனிலையும் இல்லாத இச்சொல் நிற்றல் எத்துணைப் பொருத்தம்!

கூட்டு வழிபாடுகளில் இதனை வெறும் அசைநிலைபோல விரைந்து விழுங்கிவிடுவாரும் உளர். விழுங்கியவழி எஞ்சுவது, என்னைப்போற் பெற்றார் யாவர் என்னும் வினா மட்டுமே.