பெற்றோர் உயிரோடு இருக்கும் அநாதைகள்

காத்மாண்டுப் பள்ளத்தாக்கின் தெற்கே, லலித்பூர் மாவட்டத்தில் கோதாவரி என்று ஓர் ஊர். அங்கே 'லிட்டில் பிரின்சஸ்' என்ற குழந்தைகள் இல்லத்தில் சில மாதம் தொண்டு செய்யலாம் என்று 2004-இல் வந்து சேர்ந்தார் கானர் கிரென்னன் என்ற அமெரிக்க இளைஞர். உலகம் சுற்றக் கிளம்பியவர், போகிற வழியில் கொஞ்சம் புண்ணியம் சேர்த்துக்கொள்ள நினைத்தார். இல்லத்துப் பிள்ளைகள் எல்லோரும் பெற்றோரைப் பறிகொடுத்தவர்கள் என்றுதான் அவரும் நம்பினார். ஒரு நாள் ஒரு பெண்மணி இல்லத்துக்கு வந்தார். உள்ளே இருந்த சிறுவர்களில் இருவருக்கு அவர்தான் அம்மா.

விசாரித்தால் கதை ஹும்லாவில் போய் நின்றது. நேபாளத்தின் வடமேற்கு மூலையில், திபெத்தை ஒட்டிய மலை மாவட்டம் அது. அந்த நாளில் அங்கே வெளியிலிருந்து சாலை கிடையாது. நேபாள்கஞ்சிலிருந்து சிறு விமானத்தில் சிமிகோட்டுக்குப் போய், அங்கிருந்து நாள்கணக்கில் நடக்க வேண்டும். 1996 முதல் 2006 வரை நடந்த உள்நாட்டுப் போரின்போது, வீட்டுக்கு ஒரு பிள்ளையைப் படைக்குக் கொடு என்று மாவோயிஸ்டுகள் கேட்டார்கள். அந்தப் பயத்தைத் தரகர்கள் காசாக்கினார்கள். "காத்மாண்டுவில் நல்ல பள்ளியில் சேர்த்துப் படிக்க வைக்கிறோம்" என்று சொல்லி, பெற்றோரிடமே பணம் வாங்கிக்கொண்டு பிள்ளைகளைக் கூட்டிப்போனார்கள். நிலத்தை விற்றுக் கொடுத்த குடும்பங்களும் உண்டு. நகரத்தில் இறங்கியதும் பிள்ளைகளுக்கு வேறு பெயர், வேறு சான்றிதழ். தாய் தந்தை காகிதத்தில் செத்துப்போனார்கள்.

இந்தப் பிள்ளைகளின் வீடுகளைத் தேடுவதற்காகவே கிரென்னன் 2006-இல் 'நெக்ஸ்ட் ஜெனரேஷன் நேபாள்' என்ற சிறு தொண்டு நிறுவனத்தைத் தொடங்கினார். அந்த ஆண்டின் கடைசியில் பிள்ளைகளின் புகைப்படங்களோடு ஹும்லாவில் ஊர் ஊராக நடந்தார். செத்துவிட்டதாகச் சொல்லப்பட்ட பெற்றோர் பலர் வீட்டில்தான் இருந்தார்கள்.

இது ஓர் இல்லத்தின் கதை மட்டும் அல்ல. நேபாளத்தில் குழந்தைகள் இல்லங்களில் வளர்பவர்களில் 85 சதவீதம் பேருக்குத் தாய் தந்தையில் ஒருவராவது உயிரோடு இருப்பதாக யூனிசெஃப் கணித்தது. 2015 வாக்கில் இல்லங்களில் வளர்ந்தவர்கள் 15,000 பேருக்கு மேல். இல்லங்களில் பத்தில் ஒன்பது காத்மாண்டு, லலித்பூர், பக்தபூர், காஸ்கி, சித்வன் என்ற ஐந்து மாவட்டங்களில் இருந்தன. அநாதைகள் மட்டும் அந்த ஐந்து மாவட்டங்களில் எப்படிக் குவிந்தார்கள்? ஐந்திலும் சுற்றுலாப் பயணிகள் கூட்டம் அதிகம் என்பதைக் கவனித்தால் விடை கிடைத்துவிடும்.

'உலகில் 14 கோடி அநாதைகள்' என்று நன்கொடைக் கடிதங்களில் வருகிற எண்ணையும் பிரித்துப் பார்க்க வேண்டும். தாய் தந்தையில் ஒருவரை இழந்தாலே யூனிசெஃப் கணக்கில் அநாதைதான். 2015 நிலவரப்படி இருவரையும் இழந்தவர்கள் சுமார் 1.5 கோடி. அவர்களிலும் பலர் பாட்டி, மாமா, அக்கா வீட்டில் வளர்கிறவர்கள். ஒருவரை மட்டும் இழந்த மீதிப் பேருக்குத் தேவை கட்டில் போட்ட கூடம் அல்ல. அம்மாவுக்கு ஒரு வருமானமும் பள்ளிக் கட்டணமும் கிடைத்தால் பெரும்பாலும் போதும்.

பணம் வருகிற வழிதான் இதற்கு நேர் எதிராக இருக்கிறது. வெளிநாட்டுத் தன்னார்வலர் கட்டணம் கட்டி வந்து, இரண்டு வாரம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்து, படம் எடுத்துக்கொண்டு போகிறார். ஊருக்குப் போனதும் நண்பர்களிடம் திரட்டி அனுப்புகிறார். இல்லம் நிறைந்திருந்தால்தான் இது ஓடும். ஆகவே பிள்ளை தேவைப்படுகிறது, தரகர் மலையேறுகிறார். பிள்ளைகள் இளைத்திருந்தால் நன்கொடை கூடும் என்று வேண்டுமென்றே அரைவயிறாக வைத்திருந்த இல்லங்களும் நேபாளத்தில் பிடிபட்டிருக்கின்றன. கொடுத்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. பிறந்தநாளுக்கு இல்லத்தில் ஒருவேளைச் சாப்பாடு போடுகிற நாமும் அந்தப் பிள்ளை அங்கே எப்படி வந்தது என்று கேட்பதில்லையே! 2018-இல் ஆஸ்திரேலியா நவீன அடிமைத்தனச் சட்டம் கொண்டுவந்தபோது, இல்லங்களை நிரப்பப் பிள்ளைகளைக் கடத்துவதையும் அடிமைத்தனத்தின் ஒரு வடிவமாக ஏற்றுக்கொண்டது.

பிள்ளையை வீட்டுக்குத் திருப்புவது நிதானமான வேலை. நாலு வயதில் வந்த பிள்ளைக்கு ஊர்ப் பெயர் நினைவிருக்காது. வீட்டுக்குப் பக்கத்தில் கோயில் இருந்ததா, ஆற்றைக் கடக்கப் பாலமா கயிறா, அண்ணனை எப்படிக் கூப்பிடுவாய் என்று சமூகப் பணியாளர் பல நாள் பேசிப் பேசிச் சேர்க்க வேண்டும். வரையச் சொல்வதும் உண்டு. ஊரைக் கண்டுபிடித்த பிறகும், உறவு உண்மைதானா, வீட்டில் அடி உதை இருக்கிறதா, பள்ளி எவ்வளவு தூரம் என்று பார்த்த பின்புதான் சந்திப்பு. அது சினிமாவின் கடைசிக் காட்சி மாதிரி இருப்பதில்லை. பத்து வருடம் நகரத்தில் இருந்த பையனுக்கு மலை வேலை வராது. அம்மாவின் பேச்சு பிடிபடாது. அவரே தன்னை விற்றுவிட்டார் என்ற கோபமும் மனதில் இருக்கலாம். அதனால் சிலர் விடுமுறைக்கு மட்டும் போய் வருகிறார்கள். திரும்ப முடியாத வயது வந்தவர்களுக்குத் தொழிற்பயிற்சியும் வாடகை அறையும் பார்த்துத் தர வேண்டியிருக்கிறது. சேர்த்து வைத்த குடும்பத்தையும் அப்படியே விட முடியாது. பிள்ளையை அனுப்பச் செய்த வறுமை அங்கேயே இருக்கிறதே.

நேபாளத்தில் 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில் ஏறத்தாழ 9,000 பேர் இறந்தபோது, தரகர்கள் மறுபடி கிளம்புவார்கள் என்ற கவலை உடனே எழுந்தது. பெற்றோரோ முறையான பாதுகாவலரோ இல்லாமல் பிள்ளைகளை மாவட்டம் விட்டுக் கொண்டுபோக அரசு தடை போட்டது. புதிய இல்லங்களைப் பதிவு செய்வதையும் நிறுத்தியது. குடும்பத்தோடும் உறவினரோடும் வளர வழியே இல்லாதபோது கடைசியில்தான் இல்லம் என்று நேபாளத்தின் 2018 குழந்தைகள் சட்டம் சொல்கிறது. வீட்டில் வைத்து வளர்ப்பது செலவிலும் குறைவு. தான்சானியாவின் ககேரா பகுதியில் ஓர் இல்லத்தில் ஒரு பிள்ளைக்கு ஆன செலவு, வளர்ப்புக் குடும்பத்துக்கு உதவும் செலவைப்போல் ஏறக்குறைய ஆறு மடங்கு.

இருந்தும் பிள்ளைகளை வீட்டோடு சேர்க்கும் இந்த வேலைக்குச் சிறு தொண்டு நிறுவனங்கள் பணம் திரட்டுவது கஷ்டம். கட்டடம் கட்டினால் கல்வெட்டு வைக்கலாம், வரிசையில் நிற்கும் பிள்ளைகளைப் படம் பிடிக்கலாம். தரகரிடம் கொடுக்காமல் அம்மா வீட்டிலேயே வைத்துக்கொண்ட பிள்ளையை எந்தப் படத்தில் காட்டுவது? நன்கொடையில் பெரும்பகுதி சமூகப் பணியாளர் சம்பளத்துக்கும் பயணத்துக்கும் போகும். நிர்வாகச் செலவு அதிகம் என்று கொடுப்பவர் முகம் சுளிப்பார். இங்கே அந்தச் சம்பளம்தான் வேலையே.

வெளிநாட்டு இல்லம் ஒன்றுக்கு உதவ நினைப்பவர் சில கேள்விகளை எழுதிக் கேட்கலாம். எத்தனை பிள்ளைகளின் பெற்றோர் உயிரோடு இருக்கிறார்கள், கடந்த ஆண்டு எத்தனை பேர் வீடு திரும்பினார்கள், போனவர்களை யார் போய்ப் பார்க்கிறார்கள்? பதில் சொல்லாமல் "வந்து எங்களோடு இரண்டு வாரம் தங்குங்கள்" என்று அழைப்பு மட்டும் வந்தால், பணத்தை வேறு இடத்துக்கு அனுப்பலாம்.