மயில் கழுத்து நிறத்தில் ஒரு ஜோடி வளையல்

பட்டுப்புடவைக் கடையில் "பச்சையில காட்டுங்க" என்று சொன்னால் போதாது. "எந்தப் பச்சைம்மா?" என்று உடனே கேள்வி வரும். கிளிப்பச்சை, இலைப்பச்சை, பாசிப்பச்சை, ராமர் பச்சை, பாட்டில் பச்சை என்று அந்த ஒரு நிறத்துக்குள்ளேயே ஒரு குடும்பம் இருக்கிறது. நீலத்துக்கும் இதே கதைதான். எம்.எஸ். சுப்புலட்சுமிக்காகக் காஞ்சிபுரத்து முத்துச் செட்டியார் நெய்து தந்த நீலத்துக்கு இன்றுவரை எம்.எஸ். புளூ என்றுதான் பெயர். அரக்கு, வாடாமல்லி, மாந்துளிர், வெங்காயச் சருகு என்று அலசி ஆராய்ந்து புடவையை எடுத்துக்கொண்டு பக்கத்திலிருக்கும் ஃபேன்ஸி ஸ்டோருக்குப் போனால், அங்கே பச்சை வளையல் என்றால் இரண்டே வகை: அடர்த்தி, வெளிர்.

பட்டுநூல் வளையல் பிழைத்துக்கொண்டது இந்த இடைவெளியில்தான். வெறும் பிளாஸ்டிக் வளையலில் நூல் சுற்றிக் கல் ஒட்டுகிற இந்த வேலை தமிழ்நாட்டில் கல்லூரி விடுதிகளிலிருந்து வளைகாப்பு வீடுகள் வரை பரவியதற்கு 'மலிவு' என்ற ஒற்றைக் காரணத்தைப் பலரும் சொல்கிறார்கள். அது பாதி உண்மை. மலிவுதான் வேண்டும் என்றால் திருவிழாக் கடையில் அதைவிடக் குறைந்த விலைக்கு வளையல் உண்டு. புடவைக்கு அச்சு அசலான மேட்சிங்தான் அங்கே கிடைக்காது. நகைக்கடையில் எவ்வளவு கொட்டிக் கொடுத்தாலும் அந்த நிறத்தில் வளையல் கிடைக்காது. நூல் கடையில் சில பத்து ரூபாய்க்குக் கிடைத்துவிடும்.

செய்முறை எளிது, கைக்கு வரத்தான் நாளாகும். பழைய பிளாஸ்டிக் வளையலோ, இதற்கென்றே டஜன் கணக்கில் விற்கும் பேஸ் வளையலோ இருந்தால் போதும். நூல்கண்டைப் பிரித்து நாற்காலி முதுகிலோ ஒரு அட்டையிலோ இருபது, இருபத்தைந்து சுற்று சுற்றி, ஒரு பக்கம் வெட்டினால் ஒரு கற்றை தயார். அதன் நுனியை ஃபேப்ரிக் குளூ தொட்டு வளையலின் உள்பக்கம் ஒட்டிவிட்டுச் சுற்ற ஆரம்பிக்க வேண்டும். சூட்சுமம் முழுக்க இங்கேதான். இழைகள் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகத் தட்டையாகப் படுக்க வேண்டும். கற்றை ஒரு முறுக்கு முறுக்கிக்கொண்டாலும் அந்த இடம் கயிறாகத் திரண்டு நிற்கும்; பளபளப்பும் போய்விடும். இழைகள் ஒரே திசையில் கிடந்தால்தான் வெளிச்சம் ஒரே சீராகத் தெறிக்கும், அதுதான் பட்டு மினுமினுப்பு. பசை கூடினால் நூல் வழியே கசிந்து எண்ணெய்க் கறையாகத் தெரியும், குறைந்தால் நாலு நாளில் நூல் நழுவும். புதிதாகச் செய்பவர்கள் முதலில் கெடுப்பது பசையில்தான்.

கல் ஒட்டுவது அடுத்த கட்டம். குந்தன் கல், முத்து, பால் செயின், ஸ்டோன் செயின் என்று பொட்டலம் பொட்டலமாக விற்கிறார்கள். பல்குச்சி முனையில் ஒரு துளி பசை தொட்டு வைத்து, காயும்வரை கை வைக்காமல் இருக்க வேண்டும். ஜிமிக்கிக்கும் இதே நூல்தான். குடை வடிவப் பிளாஸ்டிக் பேஸின் நடுத்துளை வழியே கற்றையை உள்ளே விட்டு, வெளியே எடுத்துச் சுற்றிவர வேண்டும். கீழ் விளிம்பில் வட்டம் பெரிது, உச்சியில் சிறிது. அதனால் மேலே இழைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும், கீழே இடைவெளி விழும். விளிம்பில் ஸ்டோன் செயின் ஒட்டுவது அழகுக்கு மட்டுமல்ல, அந்த இடைவெளியை மறைக்கவும்தான்.

மயில் கழுத்து நிறம் மட்டும் கொஞ்சம் வம்பு பிடித்தது. தறியில் பாவு ஒரு நிறம், ஊடை வேறொரு நிறம் என்று போட்டு நெய்வதால், துணி அசையும்போது நீலமும் பச்சையும் மாறி மாறித் தெரியும். ஒற்றை நூலில் அது வராது. கற்றையில் பாதி இழை நீலமும் பாதி பச்சையுமாகக் கலந்து சுற்றுகிறார்கள். புடவையில் உள்ள அந்த அசைவு கிடைக்காது, ஆனால் நாலடி தள்ளி நின்று பார்த்தால் கண் ஏமாந்துவிடும்.

நிறம் பொருத்த நூல் கடைக்குப் போகிறவர்கள் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போவது வீண். கேமரா ஒரு நிறம் காட்டும், திரை ஒரு நிறம் காட்டும். புடவையோடு வரும் பிளவுஸ் பிட்டின் ஓரத்தில் ஒரு துண்டு நறுக்கி எடுத்துப் போவதுதான் சரி. அதையும் கடை டியூப் லைட்டில் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. உள்ளே ஒன்றாகத் தெரியும் இரண்டு சாயங்கள் வாசலில் வெயிலில் வேறு வேறாகத் தெரிவது உண்டு. கடைக்காரர் முகம் சுளித்தாலும் கண்டை வெளிச்சத்துக்கு எடுத்து வந்து பார்த்துவிட வேண்டும்.

அளவிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. வளையல் அளவு 2.4, 2.6, 2.8, 2.10 என்று போகும். கணக்கு வகுப்பில் படித்தபடி பார்த்தால் 2.10 சிறியது, 2.8 பெரியது. வளையல் கடையில் நேர்மாறு. புள்ளிக்குப் பின்னால் இருப்பது தசமம் அல்ல, அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு. அதாவது 2.4 என்றால் உள்விட்டம் இரண்டேகால் அங்குலம், 2.8 என்றால் இரண்டரை. ஒரு அளவுக்கும் அடுத்த அளவுக்கும் வித்தியாசம் சுமார் 3 மில்லிமீட்டர்தான். நூல் சுற்றும்போது உள்பக்கமும் தடித்துவிடும் என்பதால், கைக்குப் பிடித்தமாகப் போடுகிறவர்கள் பேஸ் வாங்கும்போதே ஒரு அளவு கூட்டி வாங்கிவிடுவது நல்லது.

இன்னொரு விஷயத்தையும் போட்டு உடைத்துவிடலாம்: பட்டுநூல் என்று விற்கும் இந்த நூலில் பெரும்பாலும் பட்டு கிடையாது. மரக்கூழிலிருந்து எடுக்கும் ரேயான் அல்லது பாலியெஸ்டர்தான். சந்தேகம் உள்ளவர்கள் நுனியைக் கொளுத்திப் பார்க்கலாம். அசல் பட்டு முடி கருகும் நாற்றம் அடித்து, விரலால் நசுக்கினால் பொடியாகும் சாம்பலைத் தரும். ரேயான் காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து போகும். பாலியெஸ்டர் உருகி, ஆறியதும் கெட்டியான மணியாக நிற்கும். இதில் ஏமாற்றப்பட்டதாக நினைக்க ஒன்றும் இல்லை, அந்த விலைக்குப் பட்டு வராது. ஆனால் முகூர்த்த நேரத்து வியர்வையும், கை கழுவும் தண்ணீரும் பசைக்கு எதிரி என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நூலைவிடச் செலவு குறைந்தது மண். டெரகோட்டா நகைக்கு மூலப்பொருள் கிட்டத்தட்ட இலவசம், சிரமமெல்லாம் நெருப்பில். காற்றுக்குமிழி இல்லாமல் பிசைந்து, உருவம் செய்து, நிழலில் பல நாள் காயவிட வேண்டும். அவசரப்பட்டு ஈரத்தோடு சுட்டால் உள்ளே ஆவி பொங்கி வெடித்துவிடும். சூடு 600 டிகிரி செல்சியஸாவது தாண்டினால்தான் மண் நிரந்தரமாக இறுகும், இல்லாவிட்டால் தண்ணீர் பட்டதும் மறுபடி இளகும். வீட்டில் செய்பவர்கள் பானையில் உமியும் மரத்தூளும் போட்டு, சுற்றி வறட்டி அடுக்கி மூட்டம் போடுகிறார்கள். வெந்துவிட்டதா என்று தெரிய விரலால் சுண்டினால் போதும், கணீரென்று ஒலிக்க வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பில் இந்தப் புகைக்கு யார் சம்மதிப்பார்கள் என்பது தனிப் பிரச்சினை. காது கனக்கும் என்று அஞ்சுகிறவர்களுக்குக் காகிதச் சுருள் ஜிமிக்கி இருக்கிறது: மெல்லிய காகிதப் பட்டையை இறுக்கிச் சுருட்டி, நடுவை அழுத்திக் குடையாக்கி, உள்ளே பசையும் வெளியே வார்னிஷும் பூசினால் ஆயிற்று.

நகையில் மிச்சம் பிடித்த பணத்தை விழுங்குவது பிளவுஸ். ஆரி வேலைப்பாடு செய்த கல்யாண பிளவுஸுக்குக் கூலி ஆயிரங்களில் தொடங்கும், மணப்பெண்ணுக்கு என்றால் புடவை விலையை எட்டிப் பிடிப்பதும் உண்டு. கொக்கி முனை கொண்ட ஓர் ஊசிதான் ஆரி. கட்ச் பகுதியில் தோல் தைக்கும் மோச்சி சமூகத்தார் கையில் தேர்ந்த கருவி அது. சட்டத்தில் துணியை முரசுத் தோலாக இழுத்துக் கட்டி, இடது கை துணிக்கு அடியில் நூலைப் பிடித்திருக்க, வலது கை மேலிருந்து குத்தி அந்த நூலைக் கொக்கியால் மேலே இழுக்கும். ஒவ்வொரு இழுப்பும் ஒரு சங்கிலிக் கண்ணி. சங்கிலித் தையல் கைக்கு வந்துவிட்டால் மணி, சமிக்கி, சர்தோசி எல்லாம் அதன்மேல் ஏறுகிற சுமைதான். துணியை வெட்டுவதற்கு முன்பே, அளவு வரைந்த முழுத் துணியில் இதைச் செய்துவிட வேண்டும்.

சிக்கனமாகச் செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. முன்பக்கத்தைப் பெரும்பாலும் முந்தானை மறைத்துவிடுகிறது. கண்ணில் படுவது கை விளிம்பும் முதுகுப் பக்கக் கழுத்தும்தான். வேலைப்பாட்டை அங்கே மட்டும் வைத்துக்கொண்டால் உழைப்பும் மணியும் பாதிக்குப் பாதி மிச்சம். அதற்கும் பொறுமை இல்லாதவர்களுக்கு ரெடிமேடாகப் பேட்ச் கிடைக்கிறது, வாங்கி ஹெம்மிங் செய்துவிடலாம். பார்த்தால் பேட்ச் என்று தெரியத்தான் செய்யும்.

இனி பழைய புடவை. காஞ்சிப் பட்டு பீரோவில் மடித்தபடியே கிடந்தால் முதலில் விட்டுப்போவது மடிப்பு விழுந்த உடல் பகுதி. ஜரிகை அடர்ந்த பார்டர் பெரும்பாலும் திடமாகவே இருக்கும். பாட்டியின் புடவையில் பேத்திக்குப் பட்டுப்பாவாடை தைக்கும் வழக்கம் நம் வீடுகளில் புதிதல்ல. இப்போது அந்தப் பார்டர் சாதாரணக் காட்டன் புடவையின் ஓரத்துக்கும், குர்த்தியின் கைக்கும், துப்பட்டாவுக்கும் போகிறது. கத்தரிக்கோல் வைப்பதற்கு முன் ஜரிகையைக் கொஞ்சம் உரசிப் பார்ப்பது நல்லது. உள்ளே சிவப்புப் பட்டிழை தெரிந்தால் அசல் வெள்ளி ஜரிகையாக இருக்க வாய்ப்பு அதிகம். தெருவில் "பழைய பட்டுப்புடவை வாங்குறது" என்று கூவி வருகிறவர் தேடுவதும் துணியை அல்ல, அந்த வெள்ளியைத்தான்.

இதெல்லாம் புதுமோகம் என்று சொல்ல முடியாது. மத்தியான வேளைகளில் பின்னப்பட்ட ஒயர் கூடைகள் ஒரு தலைமுறைக்கு முன் வீட்டுக்கு வீடு இருந்தன. சாதா முடிச்சு, சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட் என்று முடிச்சுகளுக்குப் பெயர் வைத்துப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கற்றுக்கொண்டார்கள். நடுவில் பாலிதீன் பை வந்து அதை ஓரம் கட்டியது. இப்போது அதே கூடை ஹேண்ட்பேக் அளவில் கல்லூரிப் பெண்கள் தோளுக்கு வந்திருக்கிறது.

சாமான் வாங்கச் சென்னையில் பாரிமுனை, சௌகார்பேட்டைத் தெருக்கள். மதுரையில் பல காலமாகப் புது மண்டபத் தூண்களுக்கு நடுவே தையல்காரர்களும் சாமான் கடைகளும் இருந்தன. இப்போது அவை குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. ஆனால் போவதற்கு முன் ஒரு கணக்குப் போட வேண்டும். ஒரே ஒரு ஜோடி வளையலுக்காகப் பத்து நிற நூல், நாலு பொட்டலம் கல், பசை, குறடு, வெட்டும் கத்தரி என்று வாங்கினால் கடை வளையலைவிட அது அதிக விலை. லாபம் தெரிய ஆரம்பிப்பது மூன்றாவது, நாலாவது ஜோடியில்தான். ஒரு கண்டு நூல் பல வளையலுக்கு வரும் என்பதால், இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாங்கி நிறங்களைப் பங்கிட்டுக்கொள்வதே புத்திசாலித்தனம்.

கற்றுக்கொள்ளக் காசு தேவையில்லை. 1982-ல் கர்நாடகத்தின் உஜிரேயில் தொடங்கிய சுயவேலைவாய்ப்புப் பயிற்சி முறையை முன்மாதிரியாக வைத்து, கிராமப்புற இளைஞர்களுக்கு இலவசப் பயிற்சி தரும் நிலையங்களை வங்கிகள் மாவட்டந்தோறும் நடத்துகின்றன. தையல், ஆரி, ஃபேன்சி நகை தயாரிப்பு இவற்றில் அடிக்கடி இடம்பெறும் பயிற்சிகள். 1989-ல் தர்மபுரியில் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழுக்கள் வழியாகவும் பலர் வருகிறார்கள்.

தனக்குச் செய்தவர் பக்கத்து வீட்டுக்கும் செய்து தரும்போதுதான் விலைப் பேச்சு வருகிறது. "நூல்தானே, இதுக்கா இவ்வளவு?" என்ற கேள்வியைக் கேட்காத கைவினைக்காரரே இருக்க முடியாது. 2025-26-ல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நாள் கூலி 336 ரூபாய். எட்டு மணி நேரத்துக்குப் பிரித்தால் மணிக்கு 42 ரூபாய். ஒரு செட் வளையலுக்கு மூன்று மணி நேரம் பிடிக்கிறது என்று வைத்துக்கொண்டால் கூலி மட்டுமே 126 ரூபாய். சாமானுக்கு 70 ரூபாய் சேர்த்தால் கிட்டத்தட்ட 200 வந்துவிடும். அதையே 150-க்குக் கொடுத்தால், வெயிலில் மண் வெட்டும் கூலிகூட நூல் சுற்றிய கைக்குக் கிடைக்கவில்லை என்று அர்த்தம். போதாக்குறைக்கு, ஒருவர் புடவைக்கென்று நிறம் பார்த்துச் செய்ததை அவர் வேண்டாம் என்று விட்டுவிட்டால் இன்னொருவரிடம் விற்பது கஷ்டம். விவரம் தெரிந்தவர்கள் அதனால் பாதிப் பணத்தை முன்பணமாக வாங்கிக்கொண்டுதான் கண்டைப் பிரிக்கிறார்கள்.