கிடாருக்குக் கழுத்து வலி!

கம்ப்யூட்டர் முன்னால் எட்டு மணி நேரம் குனிந்து உட்காருகிற நமக்கு மட்டும்தான் கழுத்து வலி என்று நினைக்காதீர்கள். சும்மா சுவரில் மாட்டியிருக்கும் எலெக்ட்ரிக் கிடாருக்கும் வரும்.

சாதாரண கம்பி செட் ஒன்றைப் போட்டு ஸ்ருதி சேர்த்தால், ஆறு கம்பிகளும் சேர்ந்து இழுக்கிற இழுப்பு சுமார் 45 கிலோ. ஒன்பதாம் கிளாஸ் பையன் ஒருத்தன் ராத்திரி பகலாகக் கிடாரின் தலையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கழுத்தோ ஒரு அங்குலம்கூடக் கனமில்லாத கட்டை. வளையாமல் என்ன செய்யும்?

வளைந்தால் கம்பி எழும்பிவிடும். அழுத்தி அழுத்தி விரல் நோகும். ரொம்ப நிமிர்ந்தாலும் வம்பு. கம்பி ஃபிரெட்டில் உரசி, பாட்டுக்கு நடுவே வண்டு புகுந்த மாதிரி 'ஜிர்ர்ர்'.

இதற்கு வைத்தியமாகத்தான் கழுத்துக்குள்ளேயே ஓர் இரும்புத் தண்டை வைத்திருக்கிறார்கள். பெயர் டிரஸ் ராட். கிப்ஸன் கம்பெனியில் வேலை பார்த்த தாடியஸ் மெக்ஹ்யூ என்பவர் 1923-ல் இதற்கு பேட்டன்ட் வாங்கினார். தண்டின் நுனியில் ஒரு நட். வலப்பக்கம் திருகினால் கழுத்து பின்பக்கமாக நிமிரும். இடப்பக்கம் தளர்த்தினால் கம்பிகளின் இழுப்புக்கு விட்டுக்கொடுக்கும். பெரும்பாலும் கால் சுற்றே ஜாஸ்தி.

தகராறு என்னவென்றால், அந்த நட் எங்கே இருக்கிறது என்பதுதான்.

கிப்ஸன்காரர்கள் தலைப்பக்கம் வைத்தார்கள். ஒரு சின்ன மூடியைக் கழற்றினால் நட் தெரியும். சௌகரியம்தான். ஆனால் அதற்காக மரத்தைக் குடைந்ததில், தலையும் கழுத்தும் சேருகிற இடம் நோஞ்சானாகிவிட்டது. கிடார் கீழே விழுந்தால் முதலில் உடைவது அங்கேதான்.

லியோ ஃபெண்டர் வேறு வழியில் போனார். கலிஃபோர்னியாவில் ஃபுல்லர்ட்டன் ஊரில் 1938-ல் ரேடியோ ரிப்பேர் கடை போட்டவர். அதற்கு முன்னால் என்ன வேலை பார்த்தார் தெரியுமோ? கணக்கு எழுதினார்! (நான் பி.காம். படித்தவன். இதைப் படித்த அன்று வீட்டில் எல்லாரிடமும் சொன்னேன். யாரும் அசரவில்லை.) அவருக்குக் கிடார் வாசிக்கவே தெரியாது. அதனால் கிடாரை, ரிப்பேருக்கு வந்து நிற்கப்போகிற ஒரு சரக்காகவே பார்த்தார். கழுத்தைக் கோந்து போட்டு ஒட்டாமல் நாலே ஸ்க்ரூவில் முடுக்கினார். கெட்டுப்போனால் கழற்று, வேறே மாட்டு. தீர்ந்தது.

மேப்பிள் கட்டை உறுதியானது, இதற்குள் தண்டு எதற்கு என்பது அவருடைய ஆரம்ப எண்ணம். 1950-ல் வந்த முதல் கிடார்கள் சிலவற்றில் தண்டே கிடையாது. கழுத்து வளைகிறது என்று தெரிந்ததும் அந்த வருடமே சேர்த்துவிட்டார். சேர்த்தவர் நட்டை வைத்த இடம் கழுத்தின் அடியில், உடம்புக்குள் போய் மறைகிற பக்கம். 1954-ல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வந்தபோதும் அதே இடம்தான்.

ஆகவே நட்டைக் கால் சுற்று திருக வேண்டுமானால், கம்பிகளைத் தளர்த்து, நாலு ஸ்க்ரூவைக் கழற்று, கழுத்தைத் தூக்கு, திருகு, மறுபடி பொருத்து, ஸ்ருதி சேர், பார். சரியாக வரவில்லையா? மறுபடி முதலிலிருந்து. ரேஷன் கார்டில் இனிஷியல் திருத்துவதே பரவாயில்லை.

1971-ல் நட்டைத் தலைப்பக்கம் மாற்றினார்கள். அப்பாடா என்று விட்டிருக்கலாம். ரசிகர்கள் விடவில்லை. 'பழைய மாடல்தான் வேணும்' என்றார்கள். 1982-லிருந்து பழைய மாடலை அச்சு அசலாகத் திரும்பச் செய்து விற்கிறார்கள், அடியில் ஒளிந்த நட் உள்பட. முன்பக்கம் ஹேண்டில் போட்டுச் சுற்றினால்தான் கிளம்பும் காரை, அந்த ஹேண்டிலுக்காகவே கூடுதல் காசு கொடுத்து வாங்குகிற மாதிரி.

என்னிடம் இருப்பது அந்தப் பழைய மாடலைப் பார்த்து ஜப்பானில் செய்த, செகண்ட் ஹேண்ட் கிடார். நட்டும் அதே அடியில்தான். சென்னையில் ஐப்பசி, கார்த்திகையில் காற்றைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும். சித்திரையில் ராத்திரி முழுக்க ஏ.சி. போட்டுக் காய வைக்கிறோம். மரம் பாவம், ஊறுவதும் காய்வதுமாக இருக்கிறது. வருடத்துக்கு மூன்று நாலு தடவை கழுத்தைக் கழற்ற வேண்டியிருந்தது.

கழற்றுவதில் அலுப்பைவிட ஆபத்து பெரிது. ஸ்க்ரூ இறங்குவது மரத்தில். கழற்றி மாட்ட மாட்ட ஓட்டை தேய்ந்துகொண்டே வரும். ஒருமுறை தீக்குச்சிகளைப் பசை தடவிச் செருகி, காயவிட்டு, அதில் ஸ்க்ரூவை இறக்கினேன். பிடித்தது. எத்தனை நாளைக்கு? இனியும் தேய்ந்தால் கழுத்து ஆடும், ஸ்ருதி நிற்காது.

அப்போதுதான் சக்கர நட் ஞாபகத்துக்கு வந்தது. எர்னி பால் கம்பெனியின் மியூசிக் மேன் கிடார்களில் பல வருடமாக இருக்கிற சங்கதி. 2016-ல் வந்த அமெரிக்கன் எலீட் வரிசையில் ஃபெண்டர் கம்பெனியே போட்டது. நட்டின் சுற்று விளிம்பில் ஓட்டைகள். மேலிருந்து ஒரு சின்ன ஆலன் கீயை ஓட்டையில் செருகி, நெம்புகோல் மாதிரி தள்ளினால் சக்கரம் திரும்பும். கம்பியைத் தொட வேண்டாம், கழுத்தைக் கழற்ற வேண்டாம். தனியாகவும் கிடைக்கிறது. தண்டின் மரை இஞ்ச் கணக்கா மில்லிமீட்டர் கணக்கா என்று மட்டும் பார்த்து வாங்க வேண்டும். ஒத்து வராத நட்டை முறுக்கினால் மரை போய்விடும். மரை போனால் தண்டு போச்சு. தண்டு போனால் கழுத்தே போச்சு.

சக்கரம் பழைய நட்டைவிட நீளம். கழுத்தை அதன் பள்ளத்தில் உட்கார விடாமல் எதிர்ச்சுவரில் முட்டும். அந்த இடத்தில் கட்டையை வெட்டியே ஆக வேண்டும். கூட வாசிக்கிற நண்பன் கத்தினான்: "டேய், வெட்டுனா பாதி விலைக்குக்கூடப் போகாதுடா!" நான் விற்கப் போவதில்லை என்று அவனை நம்ப வைப்பதற்குள், வெட்டும் வேலையே முடிந்திருக்கும்.

எங்கள் தெரு ஆசாரியிடம் கொண்டுபோனேன். அறுபது வயசு. கிடாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்ல கட்டையாச்சே தம்பி, எதுக்கு வெட்டச் சொல்றீங்க?"

விளக்கினேன். "அப்போ கதவு தாழ்ப்பாளை வெளியே வைக்காம சுவத்துக்குள்ள வெச்சிட்டான்னு சொல்லுங்க" என்றார். லியோ ஃபெண்டரின் டிசைனை இதைவிடச் சுருக்கமாக யாரும் விமரிசித்ததாகத் தெரியவில்லை.

பிக்கார்ட் எனப்படும் பிளாஸ்டிக் தகட்டையும் பிக்கப்புகளையும் முதலிலேயே கழற்றி எடுத்துவிட்டேன். வார்னிஷ் தெறிக்காமலிருக்க டேப் ஒட்டி, பென்சிலால் கோடு போட்டார். டிரில்லால் ஓட்டைகள் போட்டுவிட்டு, மிச்சத்தை உளியால் செதுக்கினார். அகலம் சக்கரம் சுற்றுகிற அளவு. ஆழம் கழுத்து உட்காரும் பள்ளத்தைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. முதல் கொட்டு விழுந்தபோது நான் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இருபதே நிமிஷம்.

வெட்டு முழுக்கத் தகட்டின் கீழே மறைந்துவிடுகிறது. தகட்டில் மட்டும் பாதி ஐந்து ரூபாய்க் காசு அளவுக்கு அரைவட்டம் வெட்ட வேண்டும். அதற்குத் தனியாக ஒரு தகடு வாங்கி அதில் வெட்டினேன். ஒரிஜினல் பீரோவில் பத்திரமாக இருக்கிறது.

இப்போது வேலை ரொம்ப சுலபம். முதல் ஃபிரெட்டையும் கடைசி ஃபிரெட்டையும் அழுத்திக்கொண்டு, ஏழாவது ஃபிரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே பார்க்க வேண்டும். கால் மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் போதும். விசிட்டிங் கார்டு தடுமாறாமல் நுழையும். கூடவோ குறையவோ இருந்தால் சக்கரத்தை ஒரு தள்ளு, மறுபடி ஸ்ருதி. முரண்டு பிடித்தால் பலம் காட்டாதீர்கள்.

ஒன்று மட்டும் ஜாக்கிரதை. ஃபெண்டர் கம்பெனி 1965-ல் சி.பி.எஸ். கைக்குப் போனது. அதற்கு முந்தைய அசல் கிடார் ஏதாவது உங்கள் பெரியப்பா வீட்டுப் பரணில் கிடைத்தால், உளியோடு பக்கத்தில் போகாதீர்கள். அதற்கு வெளிநாட்டில் கொடுக்கிற விலையில் இங்கே கார் வாங்கலாம். அதற்குக் கழுத்து வலி வந்தால் நாலு ஸ்க்ரூவையும் பொறுமையாகக் கழற்றுங்கள்.

எல்லாம் பொருத்தி, கம்பி கட்டி, ஆசாரி கடையிலேயே ஸ்ருதி சேர்த்தேன். "வாசிங்க, கேப்போம்" என்று பீடியைக் கீழே போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். முழுசாக ஒரு பாட்டு வாசித்தேன். உரசல் இல்லை, எந்த ஃபிரெட்டிலும் 'ஜிர்' இல்லை.

காதைக் கிட்டே கொண்டுவந்து கேட்டவர் முகம் வாடிவிட்டது.

"நான் வெட்டினதாலயா தம்பி சத்தமே வரல?"

ஆம்ப்ளிஃபயர் வீட்டில் இருந்தது.