கோடு வேகமா ஓடணுமா, பத்திரமா ஓடணுமா? ஒரு ஆடிட்டர் கணக்கு

நம்ம சேனல் பார்க்கிறவங்கள்ல நிறைய பேர் ஐ.டி.யில இருக்கீங்க. புது புராஜெக்ட்டை சி மாதிரி வேகமான மொழியில எழுதலாமா, ஜாவா, ரஸ்ட் மாதிரி பத்திரமான மொழிக்குப் போகலாமான்னு விவாதம் வந்தா, ஒரு ஆடிட்டரா எனக்கு ஞாபகம் வர்றது 2014 ஏப்ரல், கனடா.

அங்க வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் செய்ய ஏப்ரல் 30 கடைசி நாள். நம்ம ஜூலை 31 மாதிரி, உச்சகட்ட சீசன். அந்த நேரத்துல வரித்துறை ஆன்லைன் சேவையையே சில நாள் மூட வேண்டி வந்தது. காரணம், 'ஹார்ட்பிளீட்'ங்கிற ஓட்டை. அதுக்குள்ள சுமார் 900 பேரோட சோஷியல் இன்சூரன்ஸ் நம்பர் (நம்ம பான் மாதிரி) திருடு போயிடுச்சு. கடைசித் தேதியை மே 5 வரைக்கும் தள்ளி வெச்சாங்க.

ஓட்டை இருந்தது ஓப்பன்எஸ்எஸ்எல்ங்கிற மென்பொருள்ல. சி மொழியில எழுதினது. பாதுகாப்பான இணைப்புக்காக உலகம் பூரா சர்வர்கள்ல ஓடிக்கிட்டிருந்தது. "இந்த 4 எழுத்தைத் திருப்பி அனுப்பு"ன்னு கேட்டா அனுப்பும். 4 எழுத்தைக் கொடுத்துட்டு, 64,000 எழுத்துன்னு பொய் சொன்னா? சரிபார்க்காம, நினைவகத்துல பக்கத்துல கிடந்த அடுத்தவங்க ரகசியத்தையும் சேர்த்து வாரிக் கொடுத்துடும். வவுச்சரைப் பார்க்காமலே பில் பாஸ் பண்ற கேஷியர் மாதிரி!

ஜாவா, ரஸ்ட்ல எல்லையைத் தாண்டிப் படிக்கப் போனா புரோகிராம் அங்கேயே தடுத்துடும். அந்தச் சரிபார்ப்புக்குக் கொஞ்சம் நேரம் செலவாகும். இந்தச் செலவைத்தான் பலர் பெரிசா பேசுறாங்க. எனக்கு அதுல உடன்பாடில்லை. வேகத்தால மிச்சமாகிற சர்வர் செலவு கம்பெனி கணக்குல வரவு. தகவல் கசிஞ்சா நஷ்டம் பெரும்பாலும் வாடிக்கையாளர் தலையில. வரவு ஒருத்தர் லெட்ஜர்ல, பற்று இன்னொருத்தர் லெட்ஜர்ல இருந்தா எந்தக் கணக்கும் லாபமாத்தான் தெரியும். வீடியோ கேம்னா வேற கதை, அங்க வேகம்தான் சரக்கே.

அதுக்காகப் பழைய கோடு முழுக்க மாத்தி எழுதணுமா? கட்டுப்படியாகாதுங்க. கூகுள், ஆண்ட்ராய்டுல புதுசா எழுதுற கோடை ரஸ்ட் மாதிரி மொழிகளுக்குப் படிப்படியா நகர்த்தினாங்க. 2019ல ஆண்ட்ராய்டு பாதுகாப்பு ஓட்டைகள்ல 76% இந்த மாதிரி நினைவகப் பிழைகள். 2024ல அது 24%. இத்தனைக்கும் பழைய சி, சி++ கோடு பெரும்பாலும் அப்படியேதான் இருக்கு.