தெரியாத எண்ணிலிருந்து ஒரு குரல்



வார்டுகளில் நோயாளிகளையும் அவர்களுக்குத் துணையாகத் தங்கியிருப்பவர்களையும் சந்திக்கும்போது, மருந்து, சாப்பாடு, பில் என்ற வழக்கமான கவலைகளோடு இன்னொரு கேள்வியும் இப்பொழுது எங்களிடம் கேட்கப்படுகிறது. "தெரியாத நம்பரிலிருந்து போன் வருகிறதே, எடுக்கலாமா, வேண்டாமா?" என்பதே அந்தக் கேள்வி. இம்மடலை வாசிக்கிற உங்களில் பலர் பணி ஓய்வு பெற்றவர்கள். பிள்ளைகள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்க, வீட்டில் தனியாக இருப்பவர்கள். உங்களுக்கும் இக்கேள்வி இருக்கும் என்பதால் இந்த மாதம் இதைப் பற்றிச் சற்று விரிவாக எழுதுகிறோம்.

"எதையும் எடுக்காதீர்கள்" என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் வீட்டில் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது, மற்றவர்கள் போனை எடுக்காமல் இருக்க முடியுமா? இரத்தம் கொடுக்க முன்வருகிறவர், ஆம்புலன்ஸ் ஓட்டுநர், பரிசோதனைக் கூடத்து ஊழியர், இவர்கள் எல்லாரும் தெரியாத எண்ணிலிருந்துதான் அழைப்பார்கள். போனை எடுத்துப் பேசுவதால் மட்டும் வங்கியிலுள்ள பணம் போய்விடாது. எடுத்த பிறகு அந்தக் குரல் சொல்கிறபடி நாம் ஏதாவது செய்தால்தான் ஆபத்து வருகிறது. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் பாதிப் பயம் நீங்கிவிடும்.

மீதிப் பாதிக்குக் காரணம் இல்லாமல் இல்லை. சைபர் மோசடிகளால் 2024-ஆம் ஆண்டில் நம் நாட்டு மக்கள் இழந்த தொகை ரூ.22,845 கோடி என்று மத்திய அரசு பாராளுமன்றத்தில் தெரிவித்தது. 2023-இல் இது ரூ.7,465 கோடியாக இருந்தது. ஒரே ஆண்டில் மூன்று மடங்காகிவிட்டது. இதில் படிக்காதவர்கள்தான் ஏமாறுகிறார்கள் என்று எண்ண வேண்டாம். ஆசிரியர்கள், டாக்டர்கள், ஓய்வுபெற்ற அதிகாரிகள் எனப் பலரும் ஏமாந்திருக்கிறார்கள்.

திரையில் தெரியும் எண்

நம்முடைய எண் அவர்களுக்கு எப்படிக் கிடைக்கிறது என்று பலர் வியக்கிறார்கள். கடைகளிலும் நிறுவனங்களிலும் நாம் எழுதிக்கொடுத்த விவரங்கள் கசிந்து, பட்டியலாக விற்கப்படுகின்றன. அதுவும் இல்லையென்றால், இயந்திரத்தைக் கொண்டு வரிசையாக எண்களைச் சுழற்றிப் பார்க்கிறார்கள். ஆகையால் அழைக்கிறவர் உங்கள் பெயரையும், ஊரையும், ஆதார் எண்ணின் சில இலக்கங்களையும் சொல்லிவிட்டதால் அவர் அரசாங்க ஊழியர் என்று ஆகிவிடாது.

அதைப்போலவே, திரையில் காணும் எண்ணையும் அப்படியே நம்ப முடியாது. வெளிநாட்டிலிருந்து பேசிக்கொண்டே இந்திய எண்ணைத் திரையில் காட்ட முடியும். இவ்வகை அழைப்புகளைத் தடுக்க 2024 அக்டோபரில் மத்திய தொலைத்தொடர்புத் துறை ஓர் ஏற்பாட்டைத் தொடங்கியபோது, முதல் 24 மணி நேரத்திலேயே ஏறக்குறைய 1.35 கோடி அழைப்புகள் தடுக்கப்பட்டன. ஒரு தடவை மணியடித்து நின்றுவிடும் வெளிநாட்டு மிஸ்டு கால்களுக்கு நாம் திரும்ப அழைக்கவும் கூடாது. சிலவற்றில் அந்த அழைப்புக்கே பெருங்கட்டணம் பிடிக்கப்படும்.

விளம்பர அழைப்புகளின் தொல்லை வேறு. 1909 என்ற எண்ணில் பதிவு செய்தால், முறைப்படி பதிவு பெற்ற விளம்பர நிறுவனங்கள் நம்மை அழைப்பதைக் குறைக்கலாம். திருடன் இந்தப் பட்டியலைப் பார்த்து விலகிப் போகமாட்டான். விளம்பரங்களுக்கு 140 என்று தொடங்கும் எண்களும், வங்கிகளுக்கும் அரசுத் துறைகளுக்கும் 1600 என்று தொடங்கும் எண்களும் ஒதுக்கப்பட்டுள்ளன. சாதாரணக் கைப்பேசி எண்ணிலிருந்து ஒருவர், "பேங்க் மேனேஜர் பேசுகிறேன்" என்றால், அங்கேயே நமக்குச் சந்தேகம் வர வேண்டும்.

பல வேஷங்கள்

இவர்கள் சொல்லும் கதைகள் மாறிக்கொண்டே இருக்கும். கே.ஒய்.சி. புதுப்பிக்காததால் கணக்கு முடங்கிவிடும் என்பது ஒரு கதை. இன்றிரவு கரண்டைத் துண்டித்துவிடுவோம் என்பது இன்னொன்று. உங்கள் மகன் விபத்தில் சிக்கினான், உடனே பணம் கட்டுங்கள் என்பது மற்றொன்று. இதில் மகனின் குரலைப் போலவே கணினியைக் கொண்டு பேச வைக்கவும் இப்பொழுது முடிகிறது. தவறுதலாக உங்கள் கணக்குக்குப் பணம் அனுப்பிவிட்டோம், திருப்பி அனுப்புங்கள் என்று அழுகிறவர்களும் உண்டு.

கதை எதுவானாலும் முடிவில் கேட்பது சில காரியங்களைத்தான். ஓ.டி.பி. எண்ணைச் சொல்லச் சொல்வார்கள். ஏதாவது ஒரு செயலியைப் போனில் ஏற்றச் சொல்வார்கள்; அதன் வழியாக உங்கள் திரையை அவர்கள் தங்கள் இடத்திலிருந்தே பார்ப்பார்கள். கியூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்து யு.பி.ஐ. இரகசிய எண்ணைப் போடச் சொல்வார்கள். ஒன்றை நன்றாக நினைவில் வையுங்கள்: பணம் அனுப்புவதற்குத்தான் அந்த இரகசிய எண் வேண்டும். பணம் பெறுவதற்கு எந்த எண்ணையும் போட வேண்டியதில்லை.

கைது என்ற பெயரில் ஒரு சிறை

எல்லாவற்றிலும் கொடியது "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று அவர்கள் சொல்லும் மோசடியாகும். உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருந்தது, அல்லது உங்கள் ஆதாரைக் கொண்டு கறுப்புப் பணம் மாற்றப்பட்டது என்று முதலில் ஒருவர் சொல்லுவார். பிறகு சி.பி.ஐ. அதிகாரி என்று சீருடை அணிந்த ஒருவர் வாட்ஸ்அப் வீடியோவில் தோன்றுவார். அவருக்குப் பின்னால் போலீஸ் நிலையம் போன்ற ஓர் அறை இருக்கும். முத்திரையிட்ட போலி ஆணைகளும் வரும். "நீங்கள் கைது செய்யப்பட்டிருக்கிறீர்கள். கேமராவை அணைக்கக் கூடாது. மனைவியிடம்கூடச் சொல்லக் கூடாது" என்று மிரட்டுவார்கள். சில மணி நேரங்கள், சில வேளை பல நாட்கள், இப்படி வீட்டுக்குள்ளேயே சிறைப்படுத்தி, "சரிபார்த்துத் திருப்பித் தருகிறோம்" என்று சொல்லி வைப்புத்தொகை முழுவதையும் வாங்கிவிடுவார்கள்.

2025-ஆம் ஆண்டில் வட இந்தியாவைச் சேர்ந்த ஒரு முதிய தம்பதியிடம் உச்ச நீதிமன்றத்தின் பெயரிலேயே போலி ஆணைகளைக் காட்டி 1 கோடி ரூபாய்க்கு மேல் பறித்தார்கள். அந்தத் தம்பதி எழுதிய கடிதத்தைக் கண்டு, அவ்வாண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது, டிசம்பரில் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது. இந்தியச் சட்டத்தில் வீடியோ அழைப்பின் மூலம் ஒருவரைக் கைது செய்வது என்று ஒன்றும் கிடையாது. 2024 அக்டோபர் 27-ஆம் தேதி வானொலி உரையில் பிரதமரும் இதைத் தெளிவாகச் சொன்னார். எந்தப் போலீஸ் அதிகாரியும், எந்த நீதிபதியும், போனில் பணம் கேட்கமாட்டார்.

இந்த மோசடிகளின் உயிர்நாடி மூன்று: பயம், அவசரம், தனிமை. முதல் இரண்டையும் எல்லாரும் பேசுகிறார்கள். மூன்றாவதைத்தான் நாம் அதிகமாகக் கவனிக்க வேண்டும். பயமும் அவசரமும் பக்கத்தில் இன்னொரு மனிதர் இருந்தால் நீடிக்காது. "இது என்னங்க, ஏமாற்றுக்காரன் மாதிரி இருக்கே" என்று ஒரே ஒருவர் சொல்லிவிட்டால் கதை முடிந்தது. அதனால்தான் "யாரிடமும் சொல்லாதே" என்பதை அவர்கள் கட்டாயமாகச் சொல்கிறார்கள். நல்ல காரியத்துக்காக அழைக்கிற எவரும் உங்களை உங்கள் வீட்டாரிடமிருந்து பிரிக்கமாட்டார். அந்த வார்த்தையைக் கேட்டவுடன் போனை வைத்துவிடுங்கள். மரியாதைக்காகப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

வைத்த பிறகு, வங்கி என்று சொல்லியிருந்தால், பாஸ் புத்தகத்திலோ கார்டின் பின்புறத்திலோ அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு நீங்களே அழைத்துக் கேளுங்கள். மகன் என்று சொல்லியிருந்தால், மகனுடைய பழைய எண்ணுக்கு அழையுங்கள். வீட்டார் மட்டும் அறிந்த ஒரு சொல்லை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வதும் நல்லது. நம் மருத்துவமனையின் பெயரைச் சொல்லி யாராவது அவசரக் காணிக்கை கேட்டாலும் இதே விதிதான். போனில் சொன்ன கணக்குக்கு அனுப்பாமல், உங்களிடமுள்ள பழைய ரசீதிலோ இம்மடலிலோ அச்சிட்ட எண்ணில் எங்களிடம் விசாரியுங்கள். விசாரித்தால் நாங்கள் வருத்தப்படமாட்டோம், சந்தோஷப்படுவோம்.

பணம் போய்விட்டால்

மருத்துவமனையில் மாரடைப்புக்கு முதல் மணி நேரம் எவ்வளவு முக்கியமோ, இதற்கும் அவ்வளவு முக்கியம். உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். இது நாடு முழுவதற்கும் உரிய சைபர் குற்ற உதவி எண். எந்த வங்கி, எவ்வளவு தொகை, எத்தனை மணிக்கு, பரிமாற்ற எண் என்ன என்று கேட்பார்கள். அந்த விவரம் பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்கு அனுப்பப்படுகிறது. பணம் இன்னும் அங்கே இருந்தால் அதை எடுக்க முடியாதபடி நிறுத்தி வைப்பார்கள். அடுத்த வங்கிக்குப் போயிருந்தால் அங்கேயும் தொடர்வார்கள். திருடர்கள் பணத்தைக் கணக்குக்குக் கணக்கு வேகமாக மாற்றுவதால், ஒவ்வொரு நிமிடமும் கணக்கில் வருகிறது. பின்பு தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் புகாரை முழுமையாகப் பதிய வேண்டும். அது முடியாதவர்கள் அருகிலுள்ள காவல் நிலையத்துக்குப் போகலாம்.

அதே நேரத்தில் உங்கள் வங்கிக்கும் தெரிவியுங்கள். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வகுத்த விதியில் ஒரு முக்கியமான காரியம் உண்டு. நாமே ஓ.டி.பி.யைச் சொல்லிக் கணக்கைத் திறந்துவிட்டிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போகும் பணம் நம் பொறுப்பு. நாம் தெரிவித்த பிறகும் அப்படி நம் அனுமதியில்லாமல் பணம் எடுக்கப்பட்டால், அது வங்கியின் பொறுப்பு. ஆகவே தாமதம் என்பது நம் கையிலிருந்தே போகிற பணம். பணம் எதுவும் போகவில்லை, சந்தேகமான அழைப்பு மட்டும் வந்தது என்றால், மத்திய அரசின் "சஞ்சார் சாத்தி" இணையதளத்தில் அந்த எண்ணைப் புகார் செய்யலாம். உங்கள் பெயரில் எத்தனை சிம் கார்டுகள் வாங்கப்பட்டுள்ளன என்பதையும் அங்கே பார்த்துக்கொள்ளலாம்.

மறுமுனையில் இருப்பவர்

இவ்வளவும் எழுதியபின் ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மறுமுனையில் பேசுகிற எல்லாரும் மனமுவந்து பேசுகிறவர்கள் அல்ல. தாய்லாந்தில் கணினி வேலை என்று சொல்லி இளைஞர்களை அழைத்துச் சென்று, மியான்மரிலும் கம்போடியாவிலும் அடைத்து வைத்து, அடித்து, இந்த மோசடி வேலையைச் செய்யவைக்கிறார்கள். மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும், கம்போடியாவில் ஏறக்குறைய 1,00,000 பேரும் இப்படிச் சிக்கியிருக்கலாம் என்று ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமை அலுவலகம் 2023-இல் கூறியது. 2022-இல் மியான்மரிலிருந்து மீட்கப்பட்டவர்களில் தமிழ்நாட்டு இளைஞர்களும் இருந்தார்கள். 2025 மார்ச்சில் 549 இந்தியர்கள் விமானப்படை விமானங்களில் அழைத்துவரப்பட்டார்கள். ஆகவே, வேலை தேடும் பிள்ளைகள் உள்ள வீடுகளும் விழிப்பாயிருக்க வேண்டும். ஏஜெண்டு சொல்லும் வெளிநாட்டு வேலையை, அவர் அரசிடம் பதிவு பெற்றவர்தானா என்று பார்க்காமல் நம்பக் கூடாது.

வெட்கம் வேண்டாம்

ஏமாந்தவர்களிடம் நாம் அடிக்கடி காண்பது, பணம் போனதைவிடப் பெரிய துக்கம் ஒன்று. "எனக்கு எப்படி இப்படி ஆனது, பிள்ளைகள் என்ன நினைப்பார்கள்" என்ற வெட்கம்தான் அது. சாப்பாடு இறங்காமல், தூக்கம் வராமல், இரத்த அழுத்தம் ஏறிப்போய், ஆனாலும் வாய் திறவாமல் இருந்துவிடுகிறார்கள். போனில் அந்த மனிதன் தொடங்கிவைத்த தனிமையை இந்த வெட்கம் தொடர்ந்து நடத்துகிறது. அதனால் 1930-க்கு அழைக்க வேண்டிய நேரமும் கடந்துபோகிறது.

பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. அப்பாவோ அம்மாவோ தயங்கித் தயங்கி வந்து சொல்லும்போது, "எத்தனை தடவை சொன்னேன்" என்று ஆரம்பிக்காதீர்கள். அந்த ஒரு வாக்கியத்தால் அடுத்த முறை அவர்கள் உங்களிடம் வரவே மாட்டார்கள். முதலில் 1930-க்கு அழையுங்கள். பிறகு பக்கத்தில் உட்காருங்கள். புத்திமதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இம்மடலை வாசித்து முடித்தவுடன் ஒரு சிறு காரியம் செய்யும்படி உங்களை அன்போடு கேட்டுக்கொள்ளுகிறோம். ஒரு துண்டுக் காகிதத்தில் 1930 என்று பெரிதாக எழுதி, அதன் கீழே நீங்கள் எந்த நேரத்திலும் அழைக்கக்கூடிய ஒருவரின் பெயரையும் எண்ணையும் எழுதி, காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். அப்படி எழுதுவதற்கு ஒருவர்கூட இல்லாத முதியவர் உங்கள் தெருவில் இருந்தால், அவருடைய காகிதத்தில் உங்கள் பெயரை எழுதிக் கொடுங்கள்.